குடியை நிறுத்தியவரின் வீட்டார் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது

"நாளையிலிருந்து தொடமாட்டேன்" என்று தினமும் குடிப்பவர் சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் ஒரேயடியாக நிறுத்தவிடாதீர்கள். வருடக்கணக்கில் அதிகமாகக் குடித்தவருக்குக் கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் ஆரம்பிக்கலாம். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை இன்னும் கவனம் தேவை. ஆள் தெரியாமல் பிதற்றுகிறார், போர்வையில் இல்லாத பூச்சியைத் தட்டித் தட்டி விடுகிறார் என்றால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான். அங்கே போய் "முதல்ல குளுக்கோஸ் ஏத்துங்க" என்று அவசரப்படுத்தவும் வேண்டாம். நெடுநாள் குடித்தவர்களின் உடம்பில் பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

அடுத்து, மாத்திரை விஷயம். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதபடி செய்யும் மாத்திரையான டைசல்ஃபிராமை அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனாலும் உயிரோடு விளையாடுவது. விஷயம் தெரியாமல் அவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் 14 நாள்வரை இந்த ஆபத்து உண்டு. ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தும் வாய் கொப்பளிக்கும் திரவமும்கூட ஆகாது. குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகு, மருத்துவர் சொல்லி, அவர் சம்மதத்தோடு, காலையில் வீட்டில் ஒருவர் முன்னால் போடுவதே சரியான முறை.

வீட்டுக்காரர்கள் சறுக்குவது பெரும்பாலும் சந்தேகத்தில். வாசலிலேயே ஊதிக் காட்டச் சொல்வது, சட்டைப் பையைத் துழாவுவது. மறைக்கும் சாமர்த்தியத்தைத்தான் இது வளர்க்கும். "இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று தினமும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி போதும். அதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகக் குடிக்கப் போகும் நேரத்துக்கு அரை மணி முன்பே வயிறு நிறையச் சாப்பாடு போட்டுவிடுங்கள். பசி வந்தால் குடி ஆசையும் கூடும். அந்த ஆசை பெரும்பாலும் அரை மணிக்குள் தணியும். அதுவரை பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் வேண்டும். ஆபீசுக்குப் பொய்க் காரணம் சொல்வதையும் அவர் கடனைச் சத்தமில்லாமல் அடைப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள்.

விசேஷ வீடுகளில் "ஒரு நாள்தானே" என்று ஊற்றிக் கொடுக்கும் சொந்தக்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிடலாம். வெளியாட்களின் துணையும் அவசியம். 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் குடித்தவருக்கு. 1951இல் தொடங்கிய அல்-அனான் குடும்பத்தாருக்கு. அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம்.

மறுபடி குடித்துவிட்டால் அன்றிரவு விசாரணை வேண்டாம். போதையில் சொல்லும் சத்தியத்துக்கு மதிப்பில்லை. விடிந்ததும் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பழக்கம் ஹெராயின் போன்றதாக இருந்தால் கதையே வேறு. சில வாரம் விட்டாலே உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும், பழைய அளவே ஆளைக் கொன்றுவிடும். மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்து, எழுப்பினாலும் எழவில்லை என்றால் "தூங்கட்டும்" என்று விடாமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.