மதுரைக்கு மெட்ரோ வந்தே ஆகணும்

நத்தம் ரோட்டுல 2023ல தொறந்த கலைஞர் நூலகத்துக்கு நேத்து போயிருந்தேன், மேலூர்ல இருந்து வந்த ஒரு பொண்ணு டிபன் பாக்ஸை பக்கத்துல வச்சுக்கிட்டு குரூப் 2க்கு நோட்ஸ் எடுத்துக்கிட்டிருக்கு, பாக்கவே மனசு நெறஞ்சு போச்சு. ஆனா சாயங்காலம் அஞ்சு மணிக்கே பையைக் கட்டிருச்சு, ஏன்மா இவ்ளோ சீக்கிரம்னு கேட்டா, "ரெண்டு பஸ் மாறணும்க்கா, இருட்டிட்டா வீட்டுல பயப்படுவாங்க"ங்குது.

இதாங்க விஷயம். நூலகம் வந்துருச்சு, கீழடி மியூசியம் வந்துருச்சு, அலங்காநல்லூர் பக்கத்துல இருக்கிற கீழக்கரைல ஜல்லிக்கட்டு அரங்கமும் வந்துருச்சு, எல்லாம் நம்ம ஊருக்குப் பெருமைதான். ஆனா பஸ்ஸை நம்பி இருக்கிறவங்க அங்க போய்ட்டு பொழுதோட வீடு திரும்ப வழி வேணும்ல? திருமங்கலம் டூ ஒத்தக்கடை 32 கிலோமீட்டர் மெட்ரோ திட்டம் கண்டிப்பா வேணும், அது வர்ற வரைக்கும் மாட்டுத்தாவணில இருந்து ராத்திரி ஒம்பது வரைக்கும் நூலகம் வழியா மினி பஸ்ஸாவது விடுங்க.