வேலம்பிசினும் கல்வத்தில் கேட்காத சத்தமும்

விளக்கெண்ணெய் நான்கு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, அக்கேசியா (வேலமரப் பிசின்) பொடி ஒரு பங்கு. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலந்து நிற்கும் பால்மம் செய்ய, மருந்தாளுநர் படிப்பின் முதல் வருட ஆய்வகத்தில் மனப்பாடம் செய்த கணக்கு இது. இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்லிவிடுவேன். கல்வத்தில் பொடியையும் எண்ணெயையும் லேசாகக் கலந்துகொண்டு, தண்ணீர் முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றி, ஒரே திசையில், கை ஓயாமல் அரைக்க வேண்டும். சரியாக வந்தால் கலவை வெளுக்கும், கெட்டிப்படும், குழவி சுற்றும்போது 'சட் சட்'டென்று ஒரு சத்தம் கேட்கும். பக்கத்து மேஜைகளில் எல்லாம் கேட்டது. என் கல்வத்தில் மட்டும் எண்ணெய் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம், நடுவில் கொழகொழவென்று நான் செய்த பாவம்.

அந்தப் பொடி டப்பாவில் வந்தது. ஒரு மரத்தின் பிசின் என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் பல வருடம் கழித்து ஒரு கருவேலமரத்தில், யாரோ கிளையை முறித்த இடத்தில், பழுப்பாகக் கண்ணாடி போல ஒரு கட்டியைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நம் முழங்காலில் சிராய்ப்பு ஆறும்போது பொருக்கு கட்டுமே, அதைத்தான் நான் கல்வத்தில் அரைத்துக்கொண்டிருந்தேன்.

டப்பாவில் வருவது கருவேலம்பிசின் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலகச் சந்தையில் அரபுப் பிசின் என்று விற்பது பெரும்பாலும் இரண்டு ஆப்பிரிக்க வேலமரங்களுடையது: செனகாலியா செனகல், வச்செலியா சேயால். முதலாவதுதான் உயர்ந்த தரம்; சூடானில் அதை ஹஷாப் என்பார்கள். மழைக்காலம் முடிந்து இலை உதிரத் தொடங்கும்போது, மரத்துக்குத் தண்ணீர் முடை வரும் நேரம் பார்த்து, பட்டையை நீளமாகக் கீறி ஒரு துண்டை உரித்தெடுப்பார்கள். சில வாரங்களில் அந்த இடத்தில் பிசின் முத்து முத்தாகத் திரளும். கையால்தான் பறிக்க வேண்டும். செழிப்பாக, தண்ணீர் நிறையக் குடித்து நிற்கும் மரம் அவ்வளவாகப் பிசின் தருவதில்லை.

கோலா பானங்களில் வாசனை எண்ணெய் மேலே மிதக்காமல் கலந்தே இருப்பதற்கும் இந்தப் பிசின்தான் காரணம். நான் கல்வத்தில் கோட்டைவிட்டதைத் தொழிற்சாலைகள் டன் கணக்கில் செய்கின்றன. 1997-இல் அமெரிக்கா சூடான் மீது வர்த்தகத் தடை விதித்தபோது பிசினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். ஒரு மரத்தின் பொருக்கு இல்லாமல் வல்லரசுக்குக் குளிர்பானம் இறங்காது.

பிசினை மருந்தாகப் பார்த்தால் நேர்மையாகச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். நம் குடலால் செரிக்க முடியாத, நீரில் கரையும் நார்ப்பொருள் அது. பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் மெதுவாகப் புளிக்கவைத்துச் சாப்பிடும். தொண்டைக் கரகரப்புக்கு வாயில் போட்டுச் சப்பினால் இதமாக இருக்கும். ஒரேயடியாக அளவு கூடினால் வயிறு ஊதிக்கொள்ளும். இதை நான் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன், விவரம் கேட்காதீர்கள்.

பட்டையின் குணமே வேறு. 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்பதில் வரும் 'வேல்' வேம்பு என்று எண்ணியிருப்பவர்கள் நிறையப் பேர். வேல் என்றால் வேலமரம்தான். கருவேலங்குச்சியை ஒருமுறை கடித்துப் பாருங்கள். முதலில் வருவது கசப்பாக இருக்காது, நாக்கும் கன்னமும் உள்ளுக்குள் சுருங்குவது போல இருக்கும். துவர்ப்பு. பட்டையில் நிறைந்திருக்கும் டானின் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடுகிறது, வழுக்கல் போய் வாய் வறண்டது போலாகிறது. ஈறில் ரத்தம் கசியும்போது பட்டைக் கஷாயத்தால் கொப்பளிப்பதும், வயிற்றுப்போக்குக்குக் கொடுத்ததும், மாட்டுத்தோலைப் பதனிடுவதும் அடிப்படையில் ஒரே வேலைதான். தோலாலைத் தொட்டியில் நடப்பதன் சின்ன வடிவம் நம் ஈறில் நடக்கிறது.

கருங்காலி என்று சித்த மருத்துவம் சொல்லும் செனகாலியா கட்டெச்சு மரத்தின் வைரத்தை, அதாவது கெட்டியான நடுக்கட்டையை, கொதிக்கவைத்து வற்றச்செய்தால் கிடைப்பது காசுக்கட்டி. கிரீன் டீ டப்பாக்களில் பெருமையாக அச்சடிக்கிறார்களே 'கேட்டச்சின்' என்று, அந்தப் பெயரே இந்த மரத்தின் சாற்றிலிருந்து வந்ததுதான். டீக்குக் கிடைத்த புகழில் பாதியாவது வேலமரத்துக்குச் சேர வேண்டும்.

ஆனால் மரம் எதற்கு டானினைச் செய்துவைத்திருக்கிறது? தின்ன வரும் விலங்கின் வயிற்றில் புரதம் செரிக்காமல் செய்யத்தான். ஆகவே துவர்ப்பு மருந்தை மாதக்கணக்கில் குடித்துக்கொண்டே இருந்தால் நாமும் அந்த விலங்குதான். உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். கவுண்டரில் வந்து "மூலிகைதானே, ஒன்றும் செய்யாதே?" என்று கேட்பவர்களிடம் நான் கொஞ்சம் கடுகடுப்பாகப் பேசுவது இதனால்தான். இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் 'அக்கேசியா ரிஜிடுலா' என்று பெயர் ஒட்டி விற்ற எடைக்குறைப்பு மாத்திரைகள் பலவற்றில் ஆம்ஃபெட்டமின் சாயலுள்ள செயற்கை ரசாயனம் இருந்தது. 2015-இல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மரத்தைச் சோதித்தபோது அந்த ரசாயனமே அதில் இல்லை.

எனக்கு இந்த மரங்கள் மீது பித்துப் பிடித்தது கென்யாவில் நடந்த ஓர் ஆய்வைப் படித்த பிறகு. அங்கே ஊதல்முள் வேலம் என்று நான் பெயர் வைத்திருக்கும் வச்செலியா ட்ரெபனோலோபியம் வளர்கிறது. முள்ளின் அடி பந்து போல உப்பி, உள்ளே பொந்தாக இருக்கும். எறும்புகளுக்கு அது வீடு. இலைக்காம்பில் சுரக்கும் தேன் அவற்றுக்குச் சாப்பாடு. யானையோ ஒட்டகச்சிவிங்கியோ வாய் வைத்தால் எறும்புப் படை பாய்ந்து கடிக்கும். 1995-இல் சில இடங்களைச் சுற்றி மின்வேலி போட்டு, பெரிய விலங்குகள் உள்ளே வராமல் தடுத்தார்கள். மேய்ச்சல் இல்லாததால் மரங்கள் செழித்திருக்கும் என்றுதானே நினைப்போம்? பத்து வருடத்தில் மரங்கள் சம்பளத்தைக் குறைத்துவிட்டன: தேன் சுரப்பிகளும் குறைந்தன, உப்பிய முட்களும் குறைந்தன. பட்டினி கிடந்த காவல் எறும்புகள் சாறு உறிஞ்சும் பூச்சிகளை மரத்திலேயே வளர்க்க ஆரம்பித்தன. காவல் எறும்புகள் வலுவிழந்த இடத்தில் வேறோர் எறும்பினம் குடியேறியது. அதற்கு முள்வீடு தேவையில்லை, வண்டு துளைத்த பொந்தே போதும், ஆகவே வண்டுகளை அது தடுப்பதில்லை. வேலிக்குள் பத்திரமாக நின்ற மரங்கள் மெதுவாக வளர்ந்தன, அதிகமாகச் செத்தன. 2008-இல் முடிவு வெளியானது.

அதே மரம், 2024-இல் இன்னொரு செய்தி. வெளியிலிருந்து வந்த பெருந்தலை எறும்புகள் காவல் எறும்புகளைக் கொன்றுபோட, யானைகள் பயமில்லாமல் மரங்களை முறித்தன. மறைவு போனதால் சிங்கங்களால் வரிக்குதிரையைப் பதுங்கிப் பிடிக்க முடியவில்லை. 2003-இல் சிங்கங்கள் கொன்றவற்றில் 67 சதவீதம் வரிக்குதிரை. 2020-இல் 42 சதவீதம். காட்டெருமைப் பக்கம் திரும்பிவிட்டன.

மண்ணுக்கு வேலமரங்கள் செய்வதைச் சுருக்கமாகச் சொல்லலாம்: வேர் முடிச்சிலுள்ள பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. சூடானில் களைத்துப்போன நிலத்தை ஹஷாப் மரங்களிடம் பதினைந்து இருபது வருடம் விட்டு, பிசின் எடுத்துக்கொண்டு, பிறகு மரத்தை வெட்டிப் பயிர் வைக்கும் பழைய முறை உண்டு. முன்பு வேலமரப் பட்டியலிலேயே இருந்த ஃபைதர்பியா அல்பிடா இன்னும் விசித்திரம்: மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு மழையில்லாத காலத்தில் தழைக்கும். அடியிலுள்ள பயிருக்கு வெயிலும் கிடைக்கும், உரமும் கிடைக்கும்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஆர்வக்கோளாறில் எங்கேயாவது கொண்டுபோய் நட்டுவிடாதீர்கள். நம் கருவேலத்தை 1890-களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்கு நிழலுக்கும் தீவனத்துக்கும் கொண்டுபோனார்கள். புல்வெளியை முள்காடாக்கிவிட்டது, 1957-இல் அதைக் களை என்றே அறிவித்தார்கள். அங்கிருந்து தென்னாப்பிரிக்கா போன வாட்டில் எனப்படும் ஆஸ்திரேலிய அக்கேசியா மரங்கள் அங்கே ஓடைத் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கின்றன.

பெயரும் இப்போது ஆஸ்திரேலியாவுக்குத்தான். 'அகாகியா' என்று கிரேக்கர்கள் சொன்னது நைல் கரையின் முள்மரத்தை, அதாவது கருவேலத்தை. 2011-இல் மெல்போர்னில் கூடிய தாவரவியலாளர் மாநாடு, அக்கேசியா என்ற பேரினப் பெயர் ஆஸ்திரேலிய இனங்களுக்கே என்று உறுதிசெய்தது. கருவேலம் வச்செலியா ஆகிவிட்டது. சீயக்காய்கூட அக்கேசியாவாக இருந்து செனகாலியா ஆனதுதான். சீமைக்கருவேலத்துக்கோ இந்தப் பாகப்பிரிவினையில் பங்கே கிடையாது, அது வேறு பேரினம். அதன் மேலுள்ள கோபத்தில் கருவேலத்தை வெட்டாமல் இருந்தால் சரி.

போன மாதம் தானாக வழிந்து காய்ந்திருந்த கருவேலம்பிசின் ஒரு கைப்பிடி சேர்த்தேன். பட்டைத் தூசியைப் பொறுக்கி, இடித்து, சலித்து, பழைய கல்வத்தை எடுத்துக் கழுவினேன். நான்கு, இரண்டு, ஒன்று. கை வலிக்க அரைத்ததில் சத்தம் வந்தது, நிஜமாகவே 'சட் சட்'. காப்பி நிறத்தில் இருந்தாலும் பால்மம் பால்மம்தான். ஒரு பாட்டிலில் ஊற்றி மூடி, ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் மேலே ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய். பிசின் மட்டம் என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் நடுவில் ஒரு தடவை கை மாற்றியபோது திசையும் மாறிவிட்டது.