ஊசிமுனை ஓட்டை

கோவை கணபதியில் மாமாவின் ஃபவுண்டரிக்கு (உலோக வார்ப்புப் பட்டறை) நேற்றுப் போயிருந்தேன். மழை பெய்ததிலிருந்து அலுமினிய வார்ப்பைக் கடைந்தால் ஊசி குத்தின மாதிரி ஓட்டையாம். "ஏனுங் மாப்ள, இதைத்தானே ஆராய்ச்சி பண்றீங்க?" என்று ஒரு இடி வேறு.

வேறென்ன, ஹைட்ரஜன்தான். ஈரம் பட்ட இங்காட்டை (அலுமினியக் கட்டியை) அப்படியே உலையில் போட்டால் உருகிய அலுமினியம் அந்த ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் 660 டிகிரியில் உறையும்போது ஹைட்ரஜனின் கரைதிறன் கிட்டத்தட்ட 20-ல் ஒரு பங்காகிவிடுவதால் வெளியேற வழியில்லாமல் குமிழாகவே நின்றுவிடும். இங்காட்டைச் சூடு காட்டிப் போடுங்க, உருகினதுக்குள் ஆர்கான் வாயு விட்டு டீகேஸ் பண்ணுங்க, அதாவது கரைந்த ஹைட்ரஜனை வெளியேத்துங்க என்றேன்.

சரி, மெக்னீசியம் வார்க்கலாமா என்று அடுத்த கேள்வி. அடர்த்தி கன செ.மீ.க்கு 1.74 கிராம்தான், அலுமினியத்துக்கு 2.70, ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அது தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாதுங்க மாமா, ஹைட்ரஜன் கிளம்பி இன்னும் கொழுந்துவிடும் என்றேன். மனுசன் உலைப் பக்கத்திலிருந்த தண்ணி பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.