ஓடும் சிமுலேஷனும் உறையும் திரையும்

சிமுலேஷனைத் தொடங்கியதும் சாளரம் வெளிறிப்போய், 'பதிலளிக்கவில்லை' என்ற அறிவிப்பு தோன்றினால், கணக்கே நின்றுவிட்டதாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். பெரும்பாலும் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். திரையை வரைய ஆளில்லை, அவ்வளவே. மவுஸ் சொடுக்கு, விசையழுத்தம், மறுவரைவு ஆகிய கோரிக்கைகள் எல்லாம் வரிசையில் நின்று, நிரலின் ஈவென்ட் லூப் என்ற சுழற்சி தம்மை ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்கும்வரை காத்திருக்கின்றன. அந்தச் சுழற்சி இயங்கும் த்ரெட்டிலேயே (நிரலுக்குள் ஓடும் செயலோட்டத்திலேயே) சிமுலேஷனும் இடைவிடாமல் சுழன்றால், வரிசை நகர வழியில்லை.

சாளரங்களை அமைக்கப் பயன்படும் க்யூட்டி நூலகத்தில் 'அப்டேட்' என்ற அழைப்பு உடனே வரைவதில்லை. வரைய வேண்டும் என்று குறித்துவைக்க மட்டுமே செய்கிறது. ஆகவே கணக்கின் நடுவே அதை ஆயிரம் முறை அழைத்தாலும் படம் அப்படியே இருப்பதில் வியப்பில்லை. அடுத்ததாகப் பலரும் நாடுவது, வரிசையில் நிற்பவற்றை அங்கேயே கவனிக்கச் சொல்லும் 'ப்ராசஸ் ஈவென்ட்ஸ்' அழைப்பு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. இயல்பான அமைப்பில் அது வரைவோடு நிலுவையிலுள்ள சொடுக்குகளையும் நிறைவேற்றுவதால், பயனர் பொறுமையிழந்து 'தொடங்கு' பொத்தானை மறுபடி அழுத்தினால், பாதியில் நிற்கும் ஓட்டத்துக்குள்ளேயே இன்னொரு ஓட்டம் தொடங்கிவிடக்கூடும். பைத்தானின் சாளர நூலகமான டிகின்டரில் 'அப்டேட்' என்பது 'ப்ராசஸ் ஈவென்ட்ஸ்' போன்றது என்பதால், அதிலும் இதே ஆபத்து உண்டு.

கணக்கைத் தனி த்ரெட்டுக்கு மாற்றிவிட்டு, திரைக்கென, குறித்த இடைவெளியில் இயங்கும் ஒரு டைமர் வைப்பதையே நான் விரும்புகிறேன். ஆனால் அந்தத் த்ரெட்டிலிருந்து சாளரக் கூறுகளை நேரடியாகத் தொடக்கூடாது. அவை முதன்மைத் த்ரெட்டுக்கே உரியவை. டைமர் ஒவ்வொரு முறையும் சிமுலேஷன் நிலையின் நகலொன்றை எடுத்து வரைய வேண்டும். நகல் எடுக்கும் கணத்தில் கணக்கு அந்நிலையை மாற்றாதபடி பூட்டு போடத் தவறினால், பாதித் துகள்கள் பழைய இடத்திலும் மீதி புதிய இடத்திலுமாக, ஒருபோதும் நிகழாத ஒரு நிலையைத் திரை காட்டிவிடும்.

60 ஹெர்ட்ஸ் திரை ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. அதைவிட வேகமாக வரைவது வீண். கணிப்பு மென்பொருளான மேட்லேப்பின் 'ட்ரா நவ்' கட்டளையில் 'லிமிட் ரேட்' என்ற தேர்வு, விநாடிக்கு 20 சட்டகங்களோடு (ஃப்ரேம்) நிறுத்திக்கொள்கிறது. சிமுலேஷன் மாதிரிகளை ஓட்டும் நெட்லோகோ மென்பொருள், தொடர்ச்சியாகப் புதுப்பிப்பதா, ஒவ்வொரு டிக்கின் (காலப்படியின்) முடிவில் மட்டும் புதுப்பிப்பதா என்று பயனரையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. படிகளாக நகரும் மாதிரிகளுக்கு இரண்டாவதே பொருத்தம். முதலாவதில் பாதி முடிந்த படியும் கண்ணில் பட்டுவிடும்.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் எந்த முறையிலும் கடைசிச் சட்டகம் தவிர்க்கப்பட வாய்ப்புண்டு என்பதால், ஓட்டம் முடிந்தபின் கட்டுப்பாடின்றி ஒருமுறை வரையச் சொல்லும் வரியையும் சேர்த்துவிட வேண்டும்.