மின்கம்பி எட்டாத நிலத்துக்கு ஓர் ஆயத்த வீடு

சிறுமலை அடிவாரத்தில் மின்கம்பி எட்டாத எங்கள் நிலத்துக்கு, 20 அடி நீளமும் 8 அடி அகலமும் கொண்ட, தொழிற்சாலையிலேயே செய்து தரும் ஆயத்த வீடு ஒன்றைத் தேர்ந்தெடுக்க மூன்று மாதங்கள் பிடித்தன. ‘குடியேற வேண்டியதுதான் பாக்கி’ என்று விற்பவர்கள் சொன்னாலும், உள்ளே கழிவறைப் பீங்கான் மட்டுமே இருக்கும். கழிவுநீர்த் தொட்டியும் தண்ணீரும் சோலார் தகடுகளும் நம் பொறுப்பு என்பதை அவர்களாகச் சொல்வதில்லை. விலை குறைவென்றாலும் வெறும் தகரச் சுவரைச் சித்திரை வெயிலை நினைத்து ஒதுக்கிவிட்டு, இரு தகரத் தகடுகளுக்கு நடுவே வெப்பத்தைத் தடுக்கும் பஃப் (பாலியூரித்தேன்) நுரையை 50 மில்லிமீட்டர் தடிமனில் அடைத்த சுவரையே கேட்டேன். மின்விசிறியும் 75 வாட் இழுக்கும் பழைய வகையாக இல்லாமல், சுமார் 30 வாட்டில் சுழலும் பிஎல்டிசி மோட்டார் வகையாக இருந்தால் சிறிய பேட்டரியே போதும். கடைசியில், முழு வீட்டையும் ஏற்றிவரும் டிரெய்லர் திரும்ப இடமில்லாத எங்கள் வண்டிப்பாதைதான் (என் மனைவி முதல் நாளே சொன்னாள்) பகுதிகளாகக் கொண்டுவந்து போல்ட் முடுக்கும் வகையை வாங்க வைத்தது.