சீட்டில் கோவில்வெண்ணி

ஜனவரி 18 (தை 5)

சம்பா அறுவடை தொடங்கிவிட்டது. நீடாமங்கலம் பக்கம் மாமாவின் அரிசி ஆலையில் விடிவதற்குள் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. எடை மேடையின் பழைய கணினி மார்கழியிலேயே நின்றுபோனது. அதில் இருபது வருடமாக ஓடிக்கொண்டிருந்த, கிளிப்பர் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரலும் அதோடு போய்விட்டது. அதற்குப் பதிலாக நான் கோ என்ற கணினி மொழியில் புதிதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். எடையை வாங்குகிறது, காலி வண்டி எடையைக் கழிக்கிறது, கணக்கில் சேர்க்கிறது. எடைச் சீட்டு மட்டும் அச்சாகி வரவில்லை.

கிளிப்பரில் 'செட் டிவைஸ் டு பிரிண்டர்' என்று ஒரு வரி போட்டால் போதும், அடுத்து எழுதுவது காகிதத்துக்குப் போகும். 2009-இல் அறிமுகமான கோ மொழியோடு வலை சேவையகம், குறியாக்கம், படங்களைக் கையாளும் வசதி எல்லாம் சேர்ந்தே வருகின்றன. அச்சுப்பொறிக்கு மட்டும் ஒன்றும் இல்லை. 'பிரிண்ட்' என்று பெயர் வைத்த கட்டளைகள் திரையில்தான் எழுதுகின்றன.

"சீட்டு இல்லாம வண்டிய எப்படிப்பா அனுப்புறது?" என்றார் மாமா. இன்று முழுக்கக் கணக்கர் அண்ணன் கையால் எழுதிக் கொடுத்தார்.

ஜனவரி 19

ஆலையில் இருப்பது 24 ஊசி டாட் மேட்ரிக்ஸ், ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தி அடிக்கும் அச்சுப்பொறி. லேசர் வாங்கிவிடலாமே என்று கேட்டேன். ஆகாது. விவசாயிக்கு ஒன்று, ஓட்டுநருக்கு ஒன்று, ஆலைக்கு ஒன்று என மூன்று பிரதி ஒரே அடியில் விழ வேண்டும். அதற்கு ரிப்பனை ஊசி குத்தினால்தான் உண்டு.

லினக்ஸில் யுஎஸ்பி அச்சுப்பொறியும் ஒரு கோப்புதான். 'டெவ்' அடைவுக்குள் யுஎஸ்பி, அதற்குள் எல்பி0. அதைத் திறந்து பைட்டுகளை எழுதினால் காகிதத்தில் விழும். முதலில் அனுமதி இல்லை என்றது. பயனரை 'எல்பி' குழுவில் சேர்த்ததும் திறந்தது. 27, 64 என்ற இரண்டு பைட் அச்சுப்பொறியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். அப்புறம் எழுத்துகள், கடைசியில் தாளைத் தள்ள 12.

கரகரவென்று தலை ஓடியபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்! ஆனால் ஒவ்வொரு சீட்டுக்கும் அரைத்தாள் வீணானது. தொடர்தாள் 11 அங்குலம், 66 வரி. எங்கள் சீட்டு அதில் பாதி. 27, 67, 33 என்று அனுப்பி, பக்கம் 33 வரிதான் என்று சொன்னேன். பக்க நீளத்தை அங்குலத்தில் சொல்லும் கட்டளையும் உண்டு, ஆனால் அது முழு எண்தான் வாங்கும். ஐந்தரை என்று அதனிடம் சொல்ல முடியாது.

ஜனவரி 21

இரண்டு நாளாக ஆங்கில எழுத்தில் சீட்டு போகிறது. ஊர்ப் பெயர், நெல் ரகம், எடை எல்லாமே ஆங்கிலம். பழைய நிரலும் அப்படித்தான் கொடுத்தது, யாரும் குறை சொன்னதில்லை என்றார் அண்ணன்.

இன்று மதியம் கோவில்வெண்ணியிலிருந்து ஆந்திரா பொன்னி ஏற்றி வந்த பெரியவர் சீட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, டிராக்டர் ஓட்டி வந்த பையனிடம் நீட்டி, "எவ்வளவு போட்டிருக்கான் பாரு" என்றார். ஆறு மாத உழைப்பின் கணக்கு அவர் கையில்தான் இருக்கிறது, படிக்க இன்னொருவர் வேண்டியிருக்கிறது. எனக்கு அது பொறுக்கவில்லை. சீட்டு தமிழில்தான் வர வேண்டும்.

ஜனவரி 22

தமிழை அப்படியே அனுப்பிப் பார்த்தேன். கோடும் கட்டமும் கிறுக்கலுமாக வந்தது. அச்சுப்பொறிக்குள் பதிந்திருக்கும் எழுத்துருவில் தமிழ் கிடையாது. கணினி தமிழைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையின் பைட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதற்குத் தெரிந்த குறிகளை அடிக்கிறது.

எழுத்துரு இருந்தாலும் பத்தி நேராக நிற்காது. 'கோவில்வெண்ணி' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. எழுத்து, கொம்பு, புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறி வைக்கும் யூனிகோடில் 12 குறி, யூடிஎஃப்-8-இல் 36 பைட். இருபது இடம் ஒதுக்கு என்றால் கோ மொழி குறிகளை எண்ணித்தான் மிச்சத்துக்கு இடைவெளி விடும். அதனால் ஊருக்கு ஊர் எடைப் பத்தி முன்னும் பின்னும் நகர்கிறது.

ஜனவரி 25

மூன்று இரவாக இதே வேலை. எழுத்தைப் படமாக வரைந்து, படத்தைப் புள்ளிகளாக அனுப்ப வேண்டும். 27, 42, 39 என்று தொடங்கினால் அங்குலத்துக்கு 180 புள்ளி. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் மூன்று பைட், 24 பிட், 24 ஊசி. எத்தனை நெடுவரிசை என்பதை இரண்டு பைட்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். இரண்டு அங்குல அகலத்துக்கு 360 நெடுவரிசை என்றால் 104, 1 (104 + 256).

முதலில் குறிகளை ஒவ்வொன்றாக வரைந்தேன். 'வெ'யில் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. குறிகளைச் சேர்த்து எழுத்தாக அமைக்க ஹார்ஃப்பஸ் போன்ற நிரல் தொகுப்பு ஒன்று வேண்டும். அதை கோ மொழிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவோடு அதைச் சேர்த்ததும் கொம்பு தன் இடத்துக்கு வந்தது.

24 புள்ளி உயரத்துக்குள் சுழியும் கொக்கியும் அடங்கினால் எழுத்து பொடியாகிவிடும், வயதானவர்களுக்குத் தெரியாது. அதனால் ஒரு வரியை இரண்டு பட்டையாக அடித்தேன். எல்லா எழுத்துக்கும் நடுவே வெள்ளைக் கோடு! வரி இடைவெளி ஆறில் ஒரு அங்குலம், அதாவது 30 புள்ளி. பட்டையோ 24. மிச்சம் ஆறு புள்ளி வெறுமையாக நின்றது. 27, 51, 24 என்று இடைவெளியைக் குறைத்ததும் ஒட்டிக்கொண்டது.

உடனே சீட்டு மேலே ஏறத் தொடங்கியது. 33 வரி என்று சொல்லும் நேரத்தில் இருக்கும் இடைவெளியை வைத்துத்தான் அச்சுப்பொறி பக்கத்தை அளக்கிறது. நான் இடைவெளியைக் குறைத்த பிறகு நீளத்தைச் சொன்னதால் ஐந்தரை அங்குலம் 4.4 ஆகிவிட்டது. முதலில் 27, 50 என்று இடைவெளியை ஆறில் ஒரு அங்குலத்துக்குத் திருப்ப வேண்டும், பிறகு பக்க நீளம், கடைசியில்தான் 27, 51, 24. இந்த வரிசையைக் கண்டுபிடிக்க ஒரு கட்டுத் தாள் போனது.

ஜனவரி 28

சீட்டு தமிழில் வருகிறது, ஆனால் மெதுவாக. வெளியே ஹார்ன் சத்தம். எண்களை மட்டும் அச்சுப்பொறியின் சொந்த எழுத்தில் கீழ்ப்பட்டையோடு சேர்த்து அனுப்பினேன், வேகம் கூடியது. 'மொத்த எடை', 'காலி வண்டி', 'நிகர எடை' எல்லாம் மாறாத சொற்கள். அவற்றை ஒரே முறை வரைந்து வைத்துக்கொண்டாயிற்று. பெயரும் ஊரும் மட்டும் அந்தந்த நேரத்தில் வரையப்படுகின்றன.

பிப்ரவரி 2

நாள் முடிவு அறிக்கைக்குப் பிரதி வேண்டாம். எச்டிஎம்எல் எழுதி, குரோம் உலாவியைத் திரை இல்லாமல் இயக்கி, பிடிஎஃப் ஆக்கி, அலுவலக லேசருக்கு அனுப்பிவிட்டேன். அட்டவணைத் தலைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் தானாக வருகிறது. முந்தைய பக்கத்தின் மொத்தம் அடுத்த பக்கத்தில் வராது. அது இல்லாமல் அண்ணன் கையெழுத்துப் போட மாட்டார். அதனால் பக்கத்துக்கு 30 வண்டி என்று நானே பிரித்துக் கூட்டிப் போட்டேன்.

பிப்ரவரி 4

கோவில்வெண்ணிப் பெரியவர் இரண்டாவது நடை வந்திருந்தார். சீட்டைக் கையில் வாங்கி, கண்ணைச் சுருக்கி, ஊர்ப் பெயரிலிருந்து நிகர எடை வரை வாய்விட்டுப் படித்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எங்க அப்பா பேரு தங்கவேலு. நீங்க முன்னால 'ட' போட்டிருக்கீங்க."

பழைய பதிவேட்டில் ஆங்கில 'டி' இருந்தது, நான் அதை 'ட' என்று மாற்றிவிட்டேன். எத்தனை தங்கவேலு, தனபால், தட்சிணாமூர்த்தி வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படிப் போயிருக்கிறதோ. நாளையிலிருந்து எடை மேடையில் வண்டி ஏறும்போதே அண்ணன் ஒவ்வொருவரிடமும் அப்பா பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நான் காலையில் ரிப்பன் வாங்கக் கும்பகோணம் போகிறேன்.