அஞ்சடிக்கு ரெண்டரை அடி

எங்கள் வீட்டுக் கினி பிக் எள்ளு நொண்ட ஆரம்பித்தது மார்ச் மாதம். மடியில் மல்லாக்கப் போட்டுப் பார்த்தேன். கினி பிக்குக்கு முன்னங்காலில் நாலு விரல், பின்னங்காலில் மூணு. அந்தப் பின்னங்கால் ரெண்டிலும் உள்ளங்கால் சிவந்து வீங்கி, ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. கால்நடை டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "கூண்டுக்குத் தரை என்னது?"

கம்பி. காசு கொடுத்து வாங்கிய கூண்டுதான். புழுக்கை கீழே தட்டில் விழுந்துவிடும், கழுவுவது லேசு என்று சொல்லி விற்றார்கள். இதுகளுக்கு உள்ளங்காலில் முடி கிடையாது, வெறும் தோல். நாளெல்லாம் கம்பிமேல் நின்றால் அந்தத் தோல் வெடித்து, புண் எலும்புவரை இறங்கும் என்றார் டாக்டர். அன்றைக்கே துண்டை மடித்துக் கம்பிமேல் விரித்தேன். எள்ளு அதில் ஏறிப் படுத்து, கொஞ்ச நேரத்தில் கண்ணைச் செருகிக்கொண்டது. இத்தனை நாள் அது எதில் நின்றது என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

நாங்கள் இருப்பது செங்கோட்டை. எள்ளும் அதன் ஜோடி வெல்லமும் மலைக்கு அந்தப்புறம் கேரளத்து ஆரியங்காவில் ஒரு சேச்சி வீட்டில் பிறந்ததுகள். என் மகள் கேட்டுக் கேட்டு வாங்கி வந்தது. "சூடு தாங்ஙில்லா மோளே, அது மாத்ரம் நோக்கணே" என்று சொல்லித்தான் சேச்சி கையில் கொடுத்தார். ஆண்டீஸ் மலைப்பக்கத்துப் பிராணி. 27 டிகிரி தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். நம்ம ஊர் ஏப்ரல் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை.

புதுக் கூண்டு அடிக்கச் சொல்லித் தெருக்கோடி ஆசாரி அண்ணாச்சியிடம் போனேன். "மூணு தட்டா அடிச்சுருவோமா தாயி? எடம் மிச்சமாவும்லா" என்றார். புறாவுக்கும் லவ் பேர்ட்ஸுக்கும் அடித்துப் பழகிய கை. "இது ஏறாது அண்ணாச்சி, தாவாது. தரையிலதான் ஓடும். ஒசரம் வேண்டாம், நீளம் வேணும்" என்றேன். ரெண்டு கினி பிக்குக்குக் குறைந்தது ஏழரை சதுர அடி தரை வேண்டும். கடைக்கூண்டு நாலு சதுர அடிகூட இல்லை. திண்ணையை அளந்து பார்த்து அஞ்சடிக்கு ரெண்டரை அடி என்று முடிவு பண்ணினோம்.

மரத்துக்குத்தான் ரொம்ப யோசித்தோம். புனலூர்ப் பக்கத்து ரப்பர் மரம் விலை குறைவு. ஆனால் மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தை வண்டு துளைத்து மாவாக்கிவிடும். மருந்து ஏற்றியது என்றால், இதுகள் கடிக்குமே! இருபது பல்லும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்தே ஆக வேண்டும். கடைசியில் இடித்த வீட்டுப் பழைய தேக்குச் சட்டம் கிடைத்தது. அண்ணாச்சி முழுக்க இழைத்துக் கொடுத்தார். வலையைச் சட்டத்துக்கு உள்பக்கமாக அடிக்கச் சொன்னேன். அப்போதுதான் மரம் பல்லுக்கு எட்டாது. வெட்டின கம்பி முனைகளை எல்லாம் நானே உட்கார்ந்து அரம் போட்டு, மேலே பட்டி அடிக்க வைத்தேன்.

வலை அரை அங்குலக் கண் வெல்டு மெஷ், கம்பிகளைப் பற்றவைத்த வலை. கோழிவலை போதும் என்று வீட்டில் சொன்னார்கள். கோழிவலையை மரநாய் கிழிக்கும். கண் பெரிசாக இருந்தால் பாம்பு நுழையும். எங்கள் கொல்லையில் ரெண்டும் உண்டு.

தரைக்குப் பிளைவுட், அதன்மேல் வினைல் ஷீட்டை நாலு பக்கமும் நாலங்குலம் மேலே மடித்து ஒட்டினேன். மூத்திரம் பலகையில் ஊறினால் அந்த நெடியே நுரையீரலைக் கெடுக்கும். சா மில்லில் மரத்தூள் சும்மா தருவார்கள். அந்தப் பொடி மூக்கில் ஏறும் என்பதால் வேண்டாம் என்றேன். நான் தையல்காரி. பழைய பெட்ஷீட்டுக்கு நடுவே டர்க்கி டவலை வைத்து ஆறு விரிப்பு தைத்தேன். ரெண்டு நாளைக்கு ஒன்று, கழுவி வெயிலில் போட்டால் சரி.

எறும்புக்குக் கூண்டின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியிருக்கிறேன். கொசு முட்டையிடும் என்பதால் வாரம் ரெண்டு தடவை கொட்டி மாற்ற வேண்டும். உள்ளே ஒரு மூலையில் பழைய கூரை ஓடு ஒன்றை நனைத்து வைத்தேன். மத்தியானம் ரெண்டும் அதன்மேல்தான் கிடக்கும்.

முதல் நாள் உள்ளே விட்டபோது வெல்லம் ஒரு மூலையில் அரைமணி நேரம் அசையாமல் இருந்தது. பிறகு ஒரு ஓட்டம், நடுவில் நாலு காலும் தரையை விட்டு எழும்ப ஒரு துள்ளல். பொரி வெடிக்கிற மாதிரி இருக்கும். சந்தோஷம் வந்தால் அப்படித் துள்ளும். பழைய கூண்டில் ஒரு நாளும் நான் அதைப் பார்த்ததில்லை. எள்ளின் பாதம் ஆற இன்னும் ஒன்றரை மாதம் ஆனது. தினமும் கொத்தமல்லி, குடைமிளகாய், கொல்லைக் கொய்யா. நம்மைப் போலவே அதுகள் உடம்பிலும் வைட்டமின் சி ஊறாது, அது குறைந்தால் புண்ணும் ஆறாது.

ஜூன் முதல் வாரம் சாரல் தொடங்கியது. ஆரியங்காவுக் கணவாய்க் காற்று சாய்த்து அடிக்கும் என்று மேற்குப் பக்கம் தார்ப்பாய் கட்டியிருந்தேன். ராத்திரி டார்ச்சோடு போய் விரிப்பைத் தடவிப் பார்த்தேன். எல்லா இடமும் காய்ந்திருந்தது, தென்மேற்கு மூலையில் மட்டும் ஒரு கையகலம் ஈரம். தார்ப்பாயை இன்னும் அரையடி இறக்கிக் கட்ட வேண்டும். காலையில் அண்ணாச்சியிடம் ரெண்டு கொக்கி வாங்கி வரணும்.